சொந்த வண்டி இல்லாமல் வேலைக்குப் போக முடியாத ஊரில், குறைந்த வருமானக் குடும்பத்துக்கு அதனால் எவ்வளவு செலவாகும்?

என் கணக்கையே சொல்கிறேன். எங்கள் ஊர் ஏர்வாடி தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, கடலை ஒட்டி இருக்கிறது. கார் எல்லாம் எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுப்பதோடு சரி, எங்களைப் பிடித்து ஆட்டுவது பைக்தான்.

ராமநாதபுரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை, சம்பளம் 11,000. ஊருக்குள் பஸ் வருவது ஒரு நாளைக்கு மூன்று தடவை. கடை அடைக்க இரவு ஒன்பது ஆகும், கடைசி பஸ் அதற்கு முன்பே போய்விடும். அதனால் வண்டி எடுத்தேன். கையிலிருந்து 25,000, மீதி 65,000-க்கு பைனான்ஸ், மாதம் 3,300 வீதம் 24 டியூ. போக வர அறுபது கிலோமீட்டர், தினம் ஒரு லிட்டர் பெட்ரோல், நூறு ரூபாய்க்குக் குறைவதில்லை. 26 நாளைக்கு 2,600. ஆயில், பஞ்சர், டயர் எல்லாம் சேர்த்து மாதத்துக்கு ஐந்நூறு என்று வைத்தால் 6,400 ஆகிவிட்டது, வீட்டுக்கு வருவது 4,600. வேலைக்குப் போக வண்டியா, வண்டிக்காக வேலையா என்று அம்மா கேட்பார், பதில் சொல்ல மாட்டேன்.

உப்புக்காற்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. செயின், ஸ்போக்ஸ், சைலன்சர் எல்லாம் இரண்டு வருஷத்திலேயே துருப்பிடித்து நிற்கும். விற்கப் போனால் "கடக்கரை வண்டியா" என்று கேட்டே விலையைக் குறைப்பார்கள்.

என் தம்பி மண்டபத்தில் விசைப்படகில் போகிறான். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் நிற்கும். டியூ நிற்காது. போன வருஷம் இரண்டு டியூ விட்டதற்கு மூன்றாம் மாதம் ஆள் வந்து வண்டியைத் தூக்கிப் போய்விட்டார்கள், அதுவரை கட்டிய பணமும் போச்சு. இப்போது செகண்ட் ஹேண்டில் ஒன்று வைத்திருக்கிறான், இன்சூரன்ஸ் கிடையாது. பணம் இறுகும்போது முதலில் விடுவது அதைத்தான், போலீஸ் பிடித்தால் முதல் தடவை 2,000. யார் மேலாவது இடித்துவிட்டால் நஷ்டஈடு அவன் தலையில், அதை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

பாம்பனில் இருக்கும் என் மச்சான் ரயிலில்தான் ராமநாதபுரம் வந்து போவார். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள், கொஞ்ச நாள் பஸ்ஸில் அலைந்து பார்த்துவிட்டு அவரும் கடனில் பைக் எடுத்தார். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்து ரயில் திரும்பி வந்தபோது அவருக்கு எட்டு டியூ பாக்கி இருந்தது! வண்டி நிற்கும்போது ரயிலில் போக மனசு வருமா என்ன.

வண்டியே இல்லாதவர்களுக்குச் செலவு குறைவு என்று நினைக்காதீர்கள். ராத்திரி பிரசவ வலி, பாம்புக்கடி என்றால் 108 வரும்வரை பொறுக்காமல் ஆட்டோ பிடிப்பார்கள், அவர் கேட்பதுதான் வாடகை. நல்ல கூலி கிடைக்கும் வேலை தூரத்தில் இருந்தால் அதை விட்டுவிட்டு ஊருக்குள்ளேயே கிடைப்பதைப் பார்ப்பார்கள், அந்த நஷ்டத்தை எந்த நோட்டில் எழுதுவது?

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கடலை நம்பிய குடும்பமாக இருந்தால், தடைக்காலத்துக்கான இரண்டு டியூவை பொங்கலுக்குள் தனியாக எடுத்து வையுங்கள். தம்பிக்கு இது பிந்தித்தான் தெரிந்தது.

அம்மா கருவாடு விற்கப் போகிறார். 2021 மே-யிலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதனால் காலையில் போவது இலவசம். மத்தியானம் வர வேண்டிய பஸ் வராத நாளில் எனக்குப் போன் வரும், "எங்கப்பா இருக்க, வண்டிய எடுத்துட்டு வாரியா" என்று.