கோபிசெட்டிபாளையம் டீச்சருக்கு: புயல் பாடத்தை வாழைத்தோப்பில் தொடங்கலாம்

எட்டாம் வகுப்பில் புயல் பாடம் எடுத்தால், ‘அது கடலோரத்துக்காரங்க கவலைங்க’ என்று பிள்ளைகள் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் ஊர் வாழைத்தோப்பிலிருந்தே தொடங்குங்கள் டீச்சர். சித்திரை, வைகாசி மதியத்தில் தரை கொதிக்கிறது. சூடான ஈரக்காற்று மேலே ஏறி இடிமேகமாகிறது. அதிலிருந்து மழையோடு குளிர்ந்த காற்று கீழே இறங்கி, தரையில் மோதி நாலாபக்கமும் சீறுகிறது. குலை தள்ளிய வாழை அந்தக் கனத்தோடு முறிந்து விழுந்துவிடும். அப்புறம் பிள்ளைகளிடமே கேளுங்கள்: குத்தகைப் பணத்தை எப்படிக் கட்டுவது? தார் வெட்டும் கூலியாளுக்கு அடுத்த வாரம் வேலை எங்கே? யார் யாருக்கு அடி விழுகிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தையும் சேருங்கள். எங்கோ மேலே பெய்த மழையில் மேட்டூர் நிரம்பி, பவானியில் காவிரிக்கரை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

தோப்பை இழந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருக்கலாம். தயவுசெய்து எழுப்பிப் பேசச் சொல்லாதீர்கள். தானாகப் பேசினால் நேரம் கொடுங்கள். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போக வேண்டும் என்பதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். லீவு நாளில் ஆடு மேய்க்கப் போகிற பிள்ளைகளும் இருப்பார்கள்.