பழைய லாரிக்கு செல்ஃப் மோட்டார் மாற்றணும்: புதுசா, ரீகண்டிஷனா, எதை நம்பி வாங்கலாம்?

கேள்வி இதுதான்: டீசல் லாரி, வயது இருபதைத் தாண்டிவிட்டது. சாவியைத் திருப்பினால் சில நாள் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது, சில நாள் ஒழுங்காக எடுக்கிறது. செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். வண்டியோடு வந்த அதே மாடல் புதிதாகக் கிடைப்பதில்லை. பெயர் கேள்விப்படாத புதுசு வாங்குவதா, ரீகண்டிஷன் செய்ததை வாங்குவதா?

செல்ஃப் மோட்டாரையும் ஆல்டர்னேட்டரையும் பிரித்துப் பூட்டுவதுதான் என் தொழில். அதனால் என் பதில் கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். வண்டியோடு வந்த மோட்டாரின் பாடியும், உள்ளே சுற்றுகிற ஆர்மேச்சரும் நன்றாக இருந்தால், நல்ல சாமான் போட்டு அதையே சரிசெய்து மாட்டுங்கள் என்றுதான் சொல்வேன். பெயர் தெரியாத புது மோட்டார் என் வரிசையில் கடைசி.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயம். உங்கள் மோட்டார் உண்மையிலேயே போய்விட்டதா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

ஒரே ஒரு 'டக்' கேட்டு நிற்பதற்குப் பல காரணம் உண்டு. பேட்டரி, அங்கிருந்து வரும் தடித்த கேபிள், அதன் இரண்டு முனையிலும் உள்ள லக் (போல்டில் மாட்டும் உலோக முனை), சேஸிஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவே போகும் எர்த் பட்டை, சோலினாய்டின் (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச்) கான்டாக்ட் என்று எது கெட்டாலும் அதே சத்தம்தான். பழைய வண்டியில் கேபிள் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். லக்கை ஒட்டிய இடத்தில் ரப்பரைக் கீறிப் பாருங்கள், உள்ளே செம்பு இழைகள் பச்சை பிடித்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும். இந்தக் கேபிளை வைத்துக்கொண்டு எந்த மோட்டாரை மாட்டினாலும் பலன் இல்லை.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாவிட்டால் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். பேட்டரியின் பிளஸ் முனையில் ஒரு கம்பி (கிளாம்பில் வைக்காதீர்கள், ஈய முனையிலேயே வையுங்கள்), செல்ஃபில் கேபிள் வந்து சேரும் பெரிய போல்டில் இன்னொன்று. இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாதபடி ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மோட்டார் சுற்றும்போது 12 வோல்ட் வண்டியில் மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளோ லக்கோ சரியில்லை. அதேபோல பேட்டரி மைனஸ் முனைக்கும் செல்ஃப் பாடிக்கும் நடுவே பாருங்கள். அங்கே 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைக் கவனிக்க வேண்டும். 24 வோல்ட் வண்டியில் இந்த அளவுகள் சற்றுக் கூடலாம்.

பேட்டரியையும் சும்மா விடாதீர்கள். நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டுகிற பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனமாக இருக்கிறது, இல்லாவிட்டால் மோட்டார் அளவுக்கு மீறி கரண்ட் இழுக்கிறது. 24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரியையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டில் ஒன்று மட்டும் செத்துக்கிடக்கும், பழி மோட்டார் மேல் விழும்.

சரி, கேபிளும் பேட்டரியும் சரியாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். "சில நாள் எடுக்கிறது, சில நாள் எடுக்கவில்லை" என்றதும் நான் முதலில் கை வைப்பது சோலினாய்டில்தான். அதன் பின்மூடியைக் கழற்றினால் இரண்டு செம்புக் கான்டாக்ட் தெரியும். பிளஞ்சர் உள்ளே இழுக்கப்படும்போது அதன் முனையில் இருக்கும் வட்டமான செம்புத் தகடு இந்த இரண்டின் மேலும் ஒரே நேரத்தில் படிய வேண்டும், அப்போதுதான் மோட்டாருக்குக் கரண்ட் போகும். பல வருஷம் தீப்பொறி பட்டுப் பட்டு கான்டாக்ட் ஒரு பக்கம் குழிந்து கறுத்துவிடும். தகடு தன் அச்சில் லேசாகத் திரும்பிக்கொண்டே இருப்பதால் ஒரு நாள் நல்ல இடம் படும், மறுநாள் எரிந்த இடம் படும். டென்சோ வகை கியர் ரிடக்ஷன் மோட்டார்களில் இது எல்லாருக்கும் தெரிந்த கோளாறு. அந்தக் கான்டாக்ட்டும் பிளஞ்சரும் தனி சாமானாகவே கிடைக்கும். மாற்றினால் மோட்டார் இன்னும் பல வருஷம் ஓடும்.

ஒரு 'டக்' இல்லாமல் 'டகடகடக' என்று விடாமல் அடித்தால் அது பெரும்பாலும் பேட்டரி இறங்கியதன் அடையாளம். சில சமயம் சோலினாய்டுக்குள் பிளஞ்சரைப் பிடித்து வைத்திருக்கும் காயில் அறுந்திருந்தாலும் இப்படி வரும். மோட்டார் 'விர்ர்' என்று சுற்றி இன்ஜின் அசையாவிட்டால் பென்டிக்ஸின் (மோட்டாரின் சுழற்சியை இன்ஜினுக்குக் கடத்தும் பல்சக்கரத் தொகுதி) ஒருவழிக் கிளட்ச் நழுவுகிறது. பல் கடிக்கிற சத்தம் வந்தால் ரிங் கியரை (ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள பல்வளையம்) பார்க்க வேண்டும், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அப்புறம் ஒன்று: சத்தம் வராத மோட்டாரைச் சுத்தியலால் தட்டி எழுப்புகிற பழக்கம். ஃபீல்டு காயில் (பாடிக்குள் காந்தப்புலம் உண்டாக்கும் கம்பிச்சுருள்) உள்ள பழைய மோட்டாரில் ஒட்டிக்கொண்ட கார்பனை (ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கும் பிரஷ்) அது எழுப்பிவிடும், தற்காலிகமாகப் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் ஃபீல்டு காயிலுக்குப் பதிலாகக் காந்தம் ஒட்டிய மோட்டார்கள் இருக்கின்றன. அந்தக் காந்தம் பீங்கான் மாதிரி, ஓர் அடியில் விரிசல் விட்டுச் சில்லுச் சில்லாகி ஆர்மேச்சரையும் சேர்த்து அரைத்துவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் தட்டாதீர்கள்.

இப்போது மோட்டாரைக் கழற்றியே ஆக வேண்டும் என்று முடிவாகிவிட்டது என்றால், அதைப் பிரிக்கும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள். ஆர்மேச்சரின் இரும்பு அடுக்கில் ஓரிடத்தில் மட்டும் பளபளவென்று தேய்ந்த தடம் இருந்தால், புஷ் (ஷாஃப்ட் உட்கார்ந்து சுற்றும் உலோக வளையம்) தேய்ந்து ஆர்மேச்சர் ஃபீல்டு இரும்பில் உரசியிருக்கிறது. லேசான தடம் என்றால் புஷ் மாற்றினால் போதும். ஆழமாக இருந்தால் அந்த ஆர்மேச்சர் வேண்டாம். பாடியின் உள்சுவரில் ஈயத்துளிகள் வட்டமாகத் தெறித்து ஒட்டியிருந்தால், யாரோ நீண்ட நேரம் விடாமல் செல்ஃப் அடித்து, கம்யூட்டேட்டர் (ஆர்மேச்சரில் கார்பன் உரசும் செம்புப் பகுதி) பட்டைகளில் காயில் முனைகளைப் பிடித்திருந்த ஈயம் உருகிச் சிதறியிருக்கிறது என்று அர்த்தம். இதைப் பார்த்த பிறகு வெறும் கார்பனை மட்டும் மாற்றிக் கொடுக்கிறேன் என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். இந்த இரண்டும் இல்லாமல், கம்யூட்டேட்டர் சீராக இருந்து, பட்டைகளுக்கு நடுவே உள்ள மைக்கா (கரண்ட் கடத்தாத தகடு) மேலெழும்பாமல் இருந்தால் அது காப்பாற்ற வேண்டிய மோட்டார்.

ரீகண்டிஷன் என்ற சொல்லுக்குள் என்னவெல்லாமோ அடங்கிவிடுகிறது. பாடிக்குப் பெயின்ட் அடித்து, கார்பன் மாற்றிய மோட்டாரும் ரீகண்டிஷன்தான். ஆர்மேச்சரைக் கடைந்து, புஷ் அல்லது பேரிங், கார்பன், ஸ்பிரிங், பென்டிக்ஸ், சோலினாய்டு எல்லாம் புதிதாகப் போட்டதும் ரீகண்டிஷன்தான். அதனால் "எவ்வளவு வாரண்டி" என்பதற்கு முன்னால் "என்னென்ன மாற்றினீர்கள், கழற்றிய பழைய சாமான் எங்கே" என்று கேளுங்கள். சோலினாய்டைப் புதிதாகப் போடவில்லை என்றால் குறைந்தது கான்டாக்ட்டையாவது திறந்து பார்த்தார்களா என்று கேட்க வேண்டும். கையில் வாங்கும் முன் பென்டிக்ஸை ஒரு பக்கம் திருப்பினால் வழுக்கிச் சுற்ற வேண்டும், மறுபக்கம் திருப்பினால் ஆர்மேச்சரோடு சேர்ந்துதான் நகர வேண்டும். வைஸில் பிடித்து, பேட்டரி கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பினியன் (பென்டிக்ஸின் முனையில் உள்ள சிறு பல்சக்கரம்) ஒரே வீச்சில் வெளியே வந்து நிற்க வேண்டும், கரண்டை எடுத்ததும் தயங்காமல் உள்ளே போக வேண்டும். ஆனால் சுமை இல்லாமல் நன்றாக ஓடுகிற மோட்டார் இன்ஜினைச் சுற்றும் என்று அர்த்தமில்லை, அதையும் மனதில் வையுங்கள்.

பழையது தேறாது, புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால், பாஷ், டென்சோ, மிட்சுபிஷி, ஹிட்டாச்சி, டெல்கோ ரெமி போன்று வண்டிக் கம்பெனிகளுக்கே மோட்டார் செய்து கொடுத்தவர்களின் தயாரிப்பைத் தேடுங்கள். வண்டிக் கம்பெனிப் பெட்டியில் இல்லாவிட்டாலும் அதே மோட்டார் இவர்கள் பெயரில் கிடைக்கும். பழைய மோட்டாரின் தகட்டில் உள்ள எண்ணை வைத்துத் தேடினால் அதற்குப் பதிலாக வந்த புது எண்ணும் பெரும்பாலும் தெரிந்துவிடும். பெயரைப் பார்த்து மட்டும் ஏமாறவும் வேண்டாம், இந்தப் பெயர்களில் போலியும் உண்டு. அச்சு மங்கிய தகடு, பிசிறு எடுக்காத வார்ப்பு, செம்புப் பூச்சுப் பூசிய இரும்பு போல்ட் இவற்றைக் கண்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு சிறு காந்தத்தைச் சோலினாய்டின் பெரிய போல்டில் வைத்தால் போதும். செம்பில் காந்தம் ஒட்டாது.

இங்கே ஒரு நல்ல வழியும் திறக்கிறது. பல பழைய இன்ஜின்களில் ஆர்மேச்சர் நேராகப் பினியனைச் சுற்றும் கனமான மோட்டார்தான் வந்தது. அதே இடத்தில் பொருந்துகிற கியர் ரிடக்ஷன் மோட்டார் பல இன்ஜின்களுக்கு உண்டு. உள்ளே சின்ன மோட்டார் வேகமாகச் சுற்றும், நடுவில் உள்ள கியர் அந்த வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையைக் கூட்டும். எடை நன்றாகக் குறையும், இழுக்கும் கரண்டும் குறையும். டீசலுக்கு இது வெறும் வசதி இல்லை. இன்ஜின் நிமிடத்துக்கு 100 சுற்றாவது சுற்றாவிட்டால் அழுத்தத்தில் டீசல் பற்றுகிற சூடு வருவது சந்தேகம். பேட்டரி கொஞ்சம் இறங்கிய நாளிலும் இந்த வகை அந்த வேகத்தைக் கொடுத்துவிடும். சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் மோட்டார் இருந்து, வண்டி சூடானதும் செல்ஃப் மந்தமாகிறது என்றால் இந்த வகை இன்னும் நல்லது. செம்பின் மின்தடை 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 40 சதவீதம் கூடிவிடும், அதனால் குறைந்த கரண்டில் வேலை செய்கிற மோட்டாருக்குச் சாதகம் அதிகம். நடுவில் ஒரு வெப்பத் தடுப்புத் தகடும் இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எதை வாங்கினாலும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே மாட்டுங்கள். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: 12 வோல்ட் மோட்டார் 24 வோல்ட்டில் பிய்த்துக்கொண்டு சுற்றி, பினியனையும் ரிங் கியரையும் சேர்த்துச் சேதப்படுத்தும். பினியன் பல்லை எண்ணுங்கள். 9க்கு 10 வந்தால் மாட்டிவிட முடியலாம், ஆனால் சரியாகக் கடிக்காது. சுற்றும் திசை, போல்ட் துளைகள், ஓய்வில் இருக்கும்போது பினியன் முனைக்கும் பிடிமான முகத்துக்கும் உள்ள தூரம் இவையும் ஒத்துப்போக வேண்டும். கிலோவாட் எண் பழையதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது, அதிகமாக இருந்தால் பரவாயில்லை. சில பழைய மோட்டாருக்கு முன்மூக்கு இருக்காது, ஷாஃப்ட்டின் முனை கிளட்ச் ஹவுசிங்கில் இருக்கும் புஷ்ஷில் போய் உட்காரும். புது மோட்டாரை மாட்டிவிட்டு இந்தப் பழைய புஷ்ஷை மறந்தால், கொஞ்ச நாளிலேயே ஆர்மேச்சர் உரசத் தொடங்கும்.

மோட்டார் வெளியே இருக்கும்போதே அந்தத் துளை வழியாக ரிங் கியரைப் பார்த்துவிடுங்கள், இன்ஜினைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றவைத்து. இன்ஜின் எப்போதும் அழுத்தம் ஏறுகிற இடத்தில்தான் நிற்கும் என்பதால், நாலு சிலிண்டரில் இரண்டு இடத்திலும், ஆறு சிலிண்டரில் மூன்று இடத்திலும் பல் அதிகமாகத் தேயும். ஓரிடத்தில் மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று மூடிவிடாதீர்கள். பல் முனை மழுங்கி உடைந்திருந்தால் புதுப் பினியனையும் அது தின்றுவிடும்.

மாட்டும்போது பேட்டரி மைனஸை முதலில் கழற்றுங்கள். ஹவுசிங்கில் மோட்டார் உட்காரும் முகத்தில் பெயின்டும் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லாமல் சுரண்டிவிடுங்கள், மோட்டாருக்கு எர்த் அங்கிருந்துதான் வருகிறது. பழையதில் ஷிம் தகடு (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு) இருந்திருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். சோலினாய்டின் செம்பு நட்டைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் மூடி விரிசல் விடும். சாவியிலிருந்து வரும் மெல்லிய கம்பியில் வோல்ட் குறைவாக வந்தால் நடுவில் ஒரு ரிலே போட்டுவிடுங்கள். பழைய சாவி சுவிட்சைவிட அது நம்பகமானது.

மாட்டிய பிறகு ஒரே மூச்சில் 15 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். எடுக்கவில்லை என்றால் இரண்டு நிமிடம் விட்டுவிட்டு மறுபடியும் அடியுங்கள். டீசல் லைனில் காற்று இருக்கிறதா என்பதை அந்த இடைவெளியில் பார்க்கலாம்.

புதுசு வாங்கினால் பழைய மோட்டாரைப் பதிலுக்குக் கேட்பார்கள். கொஞ்ச நாள் கழித்துக் கொடுக்க முடியுமா என்று பேசிப் பாருங்கள். புதுசு காலை குளிரிலும் மதியச் சூட்டிலும் ஒழுங்காக எடுக்கிறது என்று பார்த்த பிறகு கொடுத்தால் போதும்.