சிவப்பு வட்டம் போட்ட வரிகள் உதவாது

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். வீட்டில் மரைன் டேங்க் (கடல்நீர் மீன்தொட்டி) அமைத்துத் தந்து, மாதாமாதம் பராமரித்தும் வந்த கடைக்காரர் மீன்களுக்கு ஏதோ மருந்து ஊற்றினார். ஒரே வாரத்தில் அதிலிருந்த அக்ரோபோரா, ஹாமர் என்ற உயிருள்ள பவளங்கள் (கோரல்) எல்லாம் செத்துவிட்டன. மூன்று லட்சம் போச்சு. கேட்டதற்கு, "உங்களுக்கு டேங்க் வெக்கவே தெரியலீங்க" என்று நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினார். மறுவாரம் டேங்க் தண்ணீரை நானே வாட்டர் பாட்டிலில் பிடித்து லேபில் கொடுத்தேன்; பிறகு டேங்கில் தண்ணீரை மாற்றிவிட்டேன். ரிப்போர்ட்டில் தப்பான வரிகளுக்குச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறேன். பாதிக்கு மேல் 'வரம்பு மீறல்'. அல்கலினிட்டி (காரத்தன்மை) 8 இருக்க வேண்டியது 143 இருக்கிறது! நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: அவமானத்தை விடுங்கள், வழக்கு அதில் நிற்காது. நிற்க வேண்டியது ரிப்போர்ட்டில்தான். ஆனால் நீங்கள் வட்டம் போட்ட வரிகள் எதற்கும் உதவாது. லேப்காரர் ஒப்பிட்டிருப்பது ஐஎஸ் 10500 உடன். அது குடிநீருக்கான தரம். உப்புத் தண்ணீர் அதில் தேறவே தேறாது. கால்சியம் 420 ரீஃப் டேங்குக்கு, அதாவது பவளம் வளர்க்கும் தொட்டிக்கு, சரியான அளவு. அல்கலினிட்டி 143 என்பது லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு; 17.86-ஆல் வகுத்தால் நீங்கள் வீட்டு டெஸ்ட் கிட்டில் டிகேஹெச் என்ற அலகில் பார்க்கும் அதே 8. அம்மோனியா கூடியது செத்தவை அழுகியதால் என்பார் எதிர்த்தரப்பு வக்கீல்.

உங்களுக்கு உதவும் ஒரே வரி, 'வரம்புக்குள்' என்று லேப் தாண்டிப் போன காப்பர் 0.2. குடிக்கிற தண்ணீரில் 1.5 வரை விடுவார்கள், கோரலுக்கு 0.2 விஷம். செத்த கோரலிலிருந்து அவ்வளவு காப்பர் வராது. ஆனால் அவர் ஊற்றிய மருந்தில் இருந்து வந்த காப்பர்தானா அது? சாம்பிளை நீங்களே வாட்டர் பாட்டிலில் பிடித்திருக்கிறீர்கள். சீல் இல்லை, சாட்சி இல்லை. ஆணையமே சாம்பிளை சீல் வைத்து அனுப்பச் சட்டத்தில் வழியுண்டு. நீங்களோ தண்ணீரையே மாற்றிவிட்டீர்கள். மருந்தின் பெயர் சொல்லும் பில்லோ வாட்ஸ்அப்போ இருந்தால்தான் பேச்சு.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கலை நீங்கள் யோசிக்கவே இல்லை. வழக்குப் போட வருகிறவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். அக்ரோபோராவும் ஹாமரும் கல்பவளங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்து 2001 முதல் இருப்பவை. ஆணையத்தில் நீங்கள் கொடுக்கும் பிரமாண வாக்குமூலத்தின் முதல் வரியே "என் வீட்டில் இவற்றை வைத்திருந்தேன்" என்பதாக இருக்கும். கையில் இருந்தது என்று நிரூபணமானால் சட்டவிரோதமாக வைத்திருந்தீர்கள் என்றே 57-ஆம் பிரிவு அனுமானிக்கும். இல்லை என்று காட்டுவது உங்கள் பாடு. தண்டனை 3 முதல் 7 ஆண்டு. "கடையில் பில் போட்டுத்தான் வாங்கினேன்" என்பது பதிலாகாது. 'கோரல் – 6 எண்ணம்' என்ற துண்டுச்சீட்டு உங்களுக்கு எதிராகவே பேசும். இறக்குமதி என்றால் அதற்கான அனுமதி, சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பேப்பர் எங்கே?

அந்தப் பேப்பர்கள் இல்லையென்றால் வழக்கு வேண்டாம், சமரசமாகப் போங்கள். பராமரிப்புக் கட்டணமும் டேங்க் சாமான் விலையும் திரும்பக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தில், வங்கி வழியாக. பேச்சுவார்த்தையில் "வனத்துறைக்குச் சொல்லிவிடுவேன்" என்று மட்டும் வாய் தவறியும் சொல்லாதீர்கள். பணம் கேட்டு மிரட்டியதாக அவர் உங்கள் மீதே புகார் கொடுப்பார். செத்த கோரல்களைக் குப்பையில் போட்டுத் தடயத்தை அழிக்கவும் வேண்டாம். ஆணையத்தில் புகார் கொடுக்கக் கெடு 2 வருஷம் இருக்கிறது, அவசரமில்லை. கடைக்காரருக்கு நோட்டீஸ் விடும் முன் பில்களோடு ஒரு கிரிமினல் வக்கீலைப் பாருங்கள்.