ஆடுபான் பறவைப் படம்: ஃபிரேமைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

கேள்வி: அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரில் வேலை பார்க்கிறேன். இங்குள்ள பழம்பொருள் கடை ஒன்றில் பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபானின் லாங்-பில்டு கர்லூ படம் பெரிய ஃபிரேமில் இருக்கிறது. நீண்டு வளைந்த அலகோடு இரண்டு கடற்கரைப் பறவைகள், பின்னால் தண்ணீருக்கு அப்பால் இதே ஊர். 'ஒரிஜினல் லித்தோகிராஃப்' என்று சொல்லி 1,200 டாலர் கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கடைக்காரர் சொல்லும் வார்த்தையே இடிக்கிறது.

இந்தப் படம் 1827 முதல் 1838 வரை 435 படங்களாக வெளிவந்த 'பேர்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா' தொகுப்பில் 231ஆவது. 1831இல் ஆடுபான் சார்ல்ஸ்டனில் தங்கியபோது உருவானது. பின்னணியில் உள்ள ஊரை வரைந்தவர் அவருடைய உதவியாளர் ஜார்ஜ் லேமன். லண்டனில் ராபர்ட் ஹாவெல் இதைச் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். வண்ணம் ஒவ்வொரு தாளிலும் கையால் தீட்டியது. லித்தோகிராஃபோ கல்லில் வரைந்து அச்சிடுவது. ஆக, லித்தோ என்றால் அது ஹாவெல் பதிப்பு இல்லை. பழைய லித்தோ பதிப்புகளும் உண்டுதான். 1840-44இல் வந்தது சாதாரணப் புத்தகப் பக்க அளவே. 1858இல் ஜூலியஸ் பீன் தொடங்கிய பெரிய அளவுப் பதிப்பில் அவர் பெயர் படத்தின் அடியிலேயே இருக்கும். இரண்டும் இல்லையென்றால், உங்கள் கடையில் தொங்குவது பெரும்பாலும் பிற்காலத்தில் இயந்திரத்தில் அச்சிட்ட ஆஃப்செட் பிரதியாகத்தான் இருக்கும்.

ஊகத்தில் விட வேண்டாம், ஃபிரேமைக் கழற்றச் சொல்லுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும்வரை எதுவும் தெரியாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பறவையின் மார்பைப் பாருங்கள். சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள் வரிசைகட்டி நின்றால் அது இயந்திர அச்சு, பேச்சே வேண்டாம். ஹாவெல் படத்தில் ஒழுங்கில்லாத நுண்ணிய மணல்போன்ற பரப்பும், அதன்மேல் தூரிகை பரப்பிய நீர்வண்ணமும் தெரியும். அப்புறம் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் பதிந்த 'ஜே வாட்மேன்' என்ற தாள் தயாரிப்பாளர் பெயரும் (வாட்டர்மார்க்) ஆண்டும் தெரிய வேண்டும். முழுத்தாள் ஏறக்குறைய 39க்கு 26 அங்குலம். ஓரம் வெட்டப்பட்டிருந்தால் விலையும் இறங்கும். உண்மையான ஹாவெல் கர்லூ பல்லாயிரம் டாலர் போகும் சரக்கு. அதை 1,200க்குக் கொடுக்கிறார்கள் என்றால் சந்தேகப்படுவதுதான் முறை.

கழற்ற மறுத்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். சம்மதித்தால், எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்பதையும், பொய்யென்றால் பணம் திரும்பத் தரப்படும் என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். 'ஆடுபான் பிரிண்ட்' என்று மட்டும் எழுதிய பில்லை வைத்து ஒன்றும் கேட்க முடியாது.

உங்களுக்குப் பிடித்தது அந்தப் பறவையும் ஊரும்தான் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. இந்தப் படத்துக்குக் காப்புரிமை இல்லை. அவர் பெயரில் இயங்கும் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபான் சொசைட்டி தன் இணையதளத்தில் பெரிய கோப்பாக இலவசமாகவே தருகிறது. நல்ல பருத்தித் தாளில் எளிதில் மங்காத பிக்மென்ட் மையில் அச்சிட்டு மாட்டுங்கள், நான் அதையே சொல்வேன். ஃபிரேமுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம்: அமிலமில்லாத மவுண்ட் அட்டை, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, தாள் கண்ணாடியில் ஒட்டாத இடைவெளி மூன்றையும் கேட்டு வாங்குங்கள். நேர் வெயில் விழும் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள்.