எக்கோவில் பம்பிங் நார்மல், ஆனாலும் மூச்சு வாங்குகிறதே?

கேள்வி: வயது 54. சர்க்கரை வந்து 11 வருடம். ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரை) 8.2. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்கோ ரிப்போர்ட்டில் பம்பிங் 62 சதவீதம், கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன், எபிகார்டியல் ஃபேட் 8 மி.மீ. என்று இருக்கிறது. இந்தக் கொழுப்புதான் அடைப்பா? கரைக்க மாத்திரை உண்டா?

பதில்: இது அடைப்பு அல்ல. அடைப்பு, ரத்தக்குழாயின் சுவரில் படிவது. உங்களுக்கு இருப்பது இதயத் தசையின் மேல், உறைக்கு உள்ளே படர்ந்த கொழுப்பு. எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கும். எக்கோவில் 5 மி.மீ.க்கு மேல் போனால் பொதுவாக அதிகம் என்போம். ஆனால் அளக்கும் இடத்தையும், இதயம் சுருங்கும்போது அளந்தார்களா விரியும்போது அளந்தார்களா என்பதையும் பொறுத்து எண் மாறும். இதற்காகவே அடிக்கடி எக்கோ எடுப்பது வீண் செலவு.

இந்தக் கொழுப்புக்கும் தசைக்கும் நடுவே தடுப்புச் சவ்வு கிடையாது. இரண்டுக்கும் ரத்தம் ஒரே குழாய்களிலிருந்து வருகிறது. சர்க்கரையும் தொப்பையும் சேர்ந்தவர்களுக்கு இது சுரக்கும் அழற்சிப் பொருட்கள் நேரே தசைக்குப் போகும். எக்கோவில் தெரியாத இன்னொரு கொழுப்பும் உண்டு. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது இதயம் குளுக்கோஸை விட்டுவிட்டுக் கொழுப்பு அமிலத்தையே அதிகம் எரிக்கும். எரித்தது போக மிஞ்சுவது தசைச் செல்லுக்குள்ளேயே தங்கிவிடும். நாளாக ஆக, தசை விறைக்கும். விறைத்த இதயம் நன்றாகவே சுருங்கும், தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளத்தான் திணறும். ரிப்போர்ட்டில் டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன் என்பது இதைத்தான்; கிரேடு 1 அதன் லேசான நிலை. பம்பிங் சதவீதம் சுருங்குவதை மட்டும்தான் காட்டும். 62 இருந்தும் மூச்சு வாங்குவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். கிரேடு 1 என்பது 50 தாண்டிய பலருடைய ரிப்போர்ட்டில் வரும். அதை மட்டும் வைத்து இதயச் செயலிழப்பு (உடம்புக்குத் தேவையான ரத்தத்தை அனுப்ப இதயம் திணறும் நிலை) என்று முடிவு கட்டக் கூடாது. என்டி-புரோபிஎன்பி ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்; இதயம் திணறும்போது ரத்தத்தில் ஏறும் பொருள் இது. உடல் பருமன் இருந்தால் இந்த அளவு குறைத்தே காட்டும் என்பதையும் டாக்டர் கணக்கில் எடுப்பார். ஹீமோகுளோபினும் பாருங்கள், ரத்தசோகையிலும் மூச்சு வாங்கும். அப்புறம், சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சு வாங்குவது மட்டுமே அடைப்பின் அறிகுறியாக இருப்பதுண்டு. டிரெட்மில் அல்லது சிடி ஆஞ்சியோ தேவையா என்று இதய மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.

இந்தக் கொழுப்புக்கென்று தனி மாத்திரை இல்லை. வயிற்றுக் கொழுப்பு குறைந்தால் இதுவும் குறையும். நம்மவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள், பம்பிங் நன்றாக இருக்கும் இதயச் செயலிழப்பிலும் மருத்துவமனையில் சேர்வதைக் குறைப்பதாக 2021, 2022-இல் வந்த பெரிய ஆய்வுகள் காட்டின. உங்களுக்குப் பொருந்துமா என்பதை டாக்டர் சிறுநீரகத்தைப் பார்த்துச் சொல்வார். பிறப்புறுப்பில் அரிப்பு வரலாம். வாந்தி, விரதம் உள்ள நாட்களில் இவற்றை நிறுத்துவது பற்றி முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பழைய சீட்டில் பியோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை இருக்கிறதா? இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அது உடம்பில் நீர் கோக்க வைக்கும், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, சில நாட்களில் எடை 2 கிலோ ஏறினாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ நெஞ்சை அழுத்தினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.