லண்டனைச் சுற்றும் எம்25 சாலை உண்மையில் முழு வளையமா?

இல்லை, கொஞ்சம் குறைகிறது. சுமார் 188 கி.மீ. சுற்றி வந்தாலும், கிழக்கே டார்ட்ஃபோர்டில் தேம்ஸ் ஆற்றைக் கடக்கும் துண்டுக்கு ஏ282 என்று பெயர். அது மோட்டார்வே (சில வகை வண்டிகளுக்கு அனுமதியில்லாத அதிவேக நெடுஞ்சாலை) கணக்கில் வராது. மோட்டார்வேயில் ஓட்டக்கூடாத வண்டிகளும் ஆற்றைக் கடக்க வேண்டுமே! வடக்கே போகச் சுரங்கப்பாதை, தெற்கே வர 1991-இல் திறந்த பாலம்.

வரலாறு அதைவிடக் கூத்து. முதலில் திட்டமிட்டவை நான்கு வளையங்கள். மக்கள் எதிர்ப்பில் நகருக்குள் வரவிருந்தவை 1973-இல் கைவிடப்பட்டன. அப்புறம் மூன்றாம் வளையத்தின் வடகிழக்குப் பகுதியையும் நான்காம் வளையத்தின் மேற்கு, தெற்குப் பகுதிகளையும் ஒட்டுப்போட்டு ஒரே சாலையாக்கினார்கள். முதல் துண்டு 1975-இல் திறந்தது. கடைசித் துண்டை 1986 அக்டோபர் 29 அன்று பிரதமர் மார்கரெட் தாட்சர் திறந்துவைத்தார்.