எண்ணம் ஓடட்டும், நீங்கள் அடுத்த மரத்துக்குப் போங்கள்

கேள்வி: வயது 41. மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் பால்வெட்டு வேலை. விடியற்காலை விளையில் (தோட்டத்தில்) தனியாக நிற்கும்போது 'நான் எதற்கும் உதவாதவன்' என்றே மனதில் ஓடுகிறது. ஆறு மாதமாகத் தியானம் செய்கிறேன். கண்ணை மூடினால் இன்னும் கூடுகிறது. எண்ணத்தை நிறுத்த வழி உண்டா?

பதில்: நிறுத்த வேண்டாம். ஆறு மாதம் அதோடு மல்லுக்கட்டியே களைத்துப் போயிருக்கிறீர்கள். பட்டையில் கத்தி பட்டால் பால் சுரக்கும். மனமும் அப்படித்தான், எண்ணம் சுரந்துகொண்டே இருக்கும். 'இன்னும் கூடுகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, கூடியதைப் பார்த்தது யார்? ரமண மகரிஷி 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பருக்குக் காட்டிய வழியும் இதுதான்: எழுகிற எண்ணத்தின் பின்னால் போகாமல், இது யாருக்கு வந்தது என்று கேட்பது.

சாமித்தோப்பில் அய்யா வைகுண்டரின் பதிக்குப் போயிருப்பீர்கள். பள்ளியறைக் கண்ணாடி முன் தலைப்பாகையோடு நிற்கிறோம். தெய்வம் உனக்குள் என்பது அதற்கு அய்யாவழியினர் சொல்லும் பொருள். எனக்கு அங்கே இன்னொன்றும் தோன்றும்: அழுத முகத்தோடு நின்றவர் விலகிப் போன பிறகு, கண்ணாடியில் கண்ணீர் ஒட்டியிருப்பதில்லை.

நாளைக் காலை உட்கார்ந்து தியானம் வேண்டாம். பால்வெட்டும்போதே செய்யுங்கள். கத்தி ஆழம் போனால் மரம் காயப்படும், மேலாகப் போனால் பால் குறையும். அந்த நூலளவு உங்கள் கைக்குத் தெரியும். கவனத்தை அந்தக் கையில் வையுங்கள். 'நான் உதவாதவன்' வரும். உடனே அதோடு சில சொற்களைச் சேருங்கள்: 'நான் உதவாதவன் என்று ஓர் எண்ணம் வருகிறது.' வாதாட வேண்டாம். 'நான் கெட்டிக்காரன்' என்று மாற்றிச் சொல்லவும் வேண்டாம், அதுவும் எண்ணம்தானே! சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போங்கள். மனநல ஆலோசகர்களும் இன்று இந்த உத்தியைச் சொல்லித் தருகிறார்கள்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தாலோ, உயிரை விடும் நினைப்பு வந்தாலோ இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். வீட்டிலும் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள்.

மழையில் வெட்டு இல்லாத நாட்களில்தான் எண்ணம் அதிகம் பிடிக்கும். அன்று சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பாலை உரிக்க உட்காருங்கள்; விரலில் அது இழுபடுவதைக் கவனித்தபடியே இதைச் செய்து பாருங்கள்.